ஏழு கிலோவுக்குள் மூன்று நாள்: ராமநாதபுரம் கரையிலிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு

கீழக்கரை, மண்டபம், தொண்டி என எங்கிருந்து கிளம்பினாலும் விமானத்துக்கு மதுரை, இல்லையென்றால் தூத்துக்குடி அல்லது திருச்சி போக வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அங்கே போய் நின்ற பிறகு பை ஒன்றரை கிலோ கூடுதல் என்றால், கூடுதல் பொருளை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஆள் இருக்காது. பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். எடைப் பிரச்சினையை வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிடுங்கள்.

உள்நாட்டு எகானமி டிக்கெட்டுக்குக் கைப்பை பெரும்பாலும் ஒன்றுதான், 7 கிலோ. அளவு ஏறத்தாழ 55 × 35 × 25 செ.மீ., மூன்றையும் கூட்டினால் 115. நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும்; உங்கள் டிக்கெட்டில் உள்ளதுதான் கணக்கு. கூடவே ஒரு சின்ன லேப்டாப் பையோ பெண்களின் கைப்பையோ அனுமதிப்பார்கள். சில நிறுவனங்கள் அதையும் அந்த 7 கிலோவுக்குள்ளேயே சேர்க்கும். வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் டிக்கெட்டில் உள்ள இந்த விதியைக் கட்டாயம் படித்துப் பாருங்கள்.

தையல் டேப்பால் அளக்கும்போது சக்கரம், கைப்பிடி, வெளிப்பாக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கவும். விரிவாக்க ஜிப்பைத் திறந்துவிட்டால் 25 செ.மீ. தடிமன் 30 ஆகிவிடும். விமான நிலையத்தில் பையை நுழைத்துப் பார்க்கும் அளவுப் பெட்டியில் பை சிக்குவது அங்கேதான். எடைக்கு மீன் வாடியில் தொங்கும் கொக்கித் தராசே போதும். கொக்கியில் பையை மாட்டி, அது ஆடாமல் நின்ற பிறகு பாருங்கள். அது கிடைக்காவிட்டால் ஆள் நிற்கும் எடை இயந்திரத்தில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளலாம். 6.5 கிலோவில் நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டிலும், கிளம்பும்போது அம்மா திணிக்கும் பொட்டலமும் அந்த மிச்சத்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் பையையே நிறுத்துப் பார்க்க வேண்டும். சக்கர டிராலி வெறுமையாகவே இரண்டரை கிலோ வரும். துணி முதுகுப்பை ஒரு கிலோ. இந்த ஒரு மாற்றத்திலேயே ஒன்றரை கிலோ மிச்சம். மூன்று நாள் பயணத்துக்கு டிராலி தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. முதுகுவலி இருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

துணிக் கணக்கு தோராயமாக: ஜீன்ஸ் 650 கிராம், பருத்திச் சட்டை 225, டி-சர்ட் 160, கைலி 300, சுடிதார் செட் 450, பருத்திச் சேலை 500. பட்டுச் சேலை ஜரிகையைப் பொறுத்து 700-க்கு மேல். டர்க்கி டவல் அரை கிலோ இழுக்கும். அதற்குப் பதில் 150 கிராம் துண்டு. ஜீன்ஸையும் ஷூவையும் உடுத்திக்கொண்டு போங்கள், பையில் செருப்பு மட்டும். சட்டை மூன்று, மெல்லிய பேன்ட் ஒன்று, கைலி, துண்டு, உள்ளாடை, குளியல் சாமான், செருப்பு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து சுமார் 3 கிலோதான். லேப்டாப்பும் அதன் சார்ஜரும் இன்னொரு 2 கிலோ. துணி முதுகுப்பையோடு மொத்தம் 6. மிச்சம் அரை கிலோ.

அந்த அரை கிலோவுக்குத்தான் ஊர்ப் பண்டங்கள் போட்டி போடும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆனால் மிளகாய்த்தூளும் மிளகாய் ஊறுகாயும் கைப்பையில் போகாது. கண்ணில் தூவக்கூடிய பொருளாகவே பாதுகாப்புச் சோதனையில் பார்ப்பார்கள். முழு மிளகாயையும் செக்-இன் பெட்டியில் போடுவதே நல்லது. கொப்பரையை இரண்டிலுமே வைக்கக்கூடாது. அதிலுள்ள எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் வகை என்பதால் தடை. கருவாட்டுக்கு மூன்று உறை சுற்றினாலும் வாடை காட்டிக் கொடுத்துவிடும். ஏற்ற மறுக்க ஊழியருக்கு உரிமை உண்டு.

கருப்பட்டி போகும், ஆனால் மதுரை வரை காரின் பின்பக்க வெயிலில் வைத்தால் இளகிச் சட்டையில் ஒட்டும். கீழக்கரைத் தொதல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு எண்ணெய் கசியும். எக்ஸ்ரேயில் அடர்ந்த கட்டியாகத் தெரிவதால் பையைத் திறக்கச் சொல்வதும் உண்டு. கால் கிலோ துண்டுகளாக டப்பாவில் அடைத்துப் பையின் மேலே வையுங்கள். அடியில் வைத்தால் மடித்த துணி முழுவதும் வெளியே வரும். துபாய்க்குப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பிரித்தே பாருங்கள். அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் உள்ளது, சிறை வரை போகும்.

ராமேஸ்வரம் தீர்த்தம், தேங்காய் எண்ணெய், ஷாம்பு எல்லாம் திரவக் கணக்கு. வெளிநாட்டு விமானத்தில் ஒரு பாட்டில் 100 மி.லி.க்கு மேல் கூடாது; எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் அடங்க வேண்டும். 200 மி.லி. பாட்டிலில் பாதிதான் தீர்த்தம் என்றாலும் எடுத்துவிடுவார்கள். பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டு, காய்ந்த கடல் அட்டை, கடல் குதிரை எதையும் வைக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், செத்ததாக இருந்தாலும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. வரம்பு 100 வாட்-மணி. பவர் பேங்கின் மேல் அச்சிட்ட எம்.ஏ.எச். (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு கிடைக்கும்: 20,000 என்றால் 74, சரி, 30,000 என்றால் 111, முன் அனுமதி வேண்டும். எண் அழிந்துபோன பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஏடிஆர் வகைச் சிறிய விமானமும் போகும். அதில் மேல் அறை குறுகலானது. சரியான அளவு டிராலியையே படிக்கட்டடியில் வாங்கிச் சரக்கறையில் வைப்பார்கள். அப்போது அவசரத்தில் பவர் பேங்கும் மருந்தும் பணமும் உள்ளேயே போய்விடும். இந்த மூன்றையும் ஒரு சிறு துணிப்பையில் கட்டி மேலாக வைத்தால், கை விட்டு உருவிக்கொள்ளலாம். தீப்பெட்டியும் லைட்டரும் எங்கும் கூடாது, மறக்க வேண்டாம்.

ராமேஸ்வரம் வந்து திரும்புகிறவர்களுக்கு எடை கூடுவது ஈரத் துணியால். பிழிந்த வேட்டிகூடக் காய்ந்த எடையைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாது. அக்னி தீர்த்தத்தில் மட்டும் குளித்தால் துணியில் உப்பு தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம் தொங்கவிட்டாலும் பிசுபிசுப்பு போகாது. கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடினால் உப்பு அலசிப் போய்விடும். கடலோடு நிறுத்துகிறவர்கள் அறைக்கு வந்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். மாலை விமானம் என்றால் குளியலை விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டு, மாடிக் காற்றில் துணியை உலர்த்தி, மடித்து, மறுபடி ஒருமுறை தராசில் மாட்டிப் பாருங்கள்.