பெருந்தொற்றுக் காலத்தில் இதய, ரத்தக்குழாய் சிகிச்சையில் நேர்ந்த தவறுகள்: மீண்டும் செய்யக் கூடாதவை

2020ஆம் ஆண்டு மார்ச் 12 முதல் 19 வரையிலான ஒரு வாரத்தில், இத்தாலியின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே வாரத்தைவிட 48 விழுக்காடு குறைந்திருந்தது. மாரடைப்பே பாதியாகக் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியவில்லை. ஏனெனில் ரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்டு வரும் கடுமையான மாரடைப்போடு வந்து சேர்ந்தவர்களில், இறந்தோரின் விகிதம் 4.1 விழுக்காட்டிலிருந்து 13.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. தொற்றுக்குப் பயந்து பலர் நெஞ்சுவலியோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தாமதமாக வந்தவர்களின் இதயத்தசை அதற்குள் பெரிதும் பாழாகியிருந்தது.

கொரோனா காலத்தில் நேர்ந்த தவறுகளுள் மிகப் பெரியது இதுதான் என்பது என் கருத்து. இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபட்டால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் தசையின் ஒரு பகுதி மீட்க முடியாதபடி இறக்கிறது. இறந்த தசைக்குப் பதிலாக வடுதான் உருவாகும். அந்த வடுவே பிற்காலத்தில் இதயச் செயலிழப்புக்கும் சீரற்ற இதயத்துடிப்புக்கும் வித்திடும். ஆகவே நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், வெளியே எந்தத் தொற்று பரவிக்கொண்டிருந்தாலும் ஆம்புலன்சை அழைப்பதில் தயக்கம் கூடாது. பக்கவாதத்தின் அறிகுறிகளாகத் திடீரென்று முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ இதே அவசரம் தேவை. மருத்துவமனைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தொற்றுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், பாதுகாப்பு உடையோடு உடனே செய்வதற்கான ஏற்பாடும், தொற்றாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி வழிகளும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மருந்துகளில் இரண்டு எதிரெதிரான தவறுகள் ஒரே நேரத்தில் நடந்தன. நிரூபிக்கப்பட்ட மருந்தைச் சிலர் நிறுத்தினார்கள். நிரூபிக்கப்படாத மருந்தைப் பலர் தொடங்கினார்கள். கொரோனா வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய ஏசிஇ2 என்னும் புரதத்தைப் பயன்படுத்துகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் ஏசிஇ தடுப்பான்களும் ஏஆர்பி மாத்திரைகளும் அந்தப் புரதத்தைப் பெருக்கி நோயை முற்றச் செய்யக்கூடும் என்ற ஊகம் பரவியது. காகிதத்தில் பொருத்தமாகத் தோன்றிய இந்த ஊகம் சோதனையில் நிற்கவில்லை. பிரேசிலில் தொற்றோடு அனுமதிக்கப்பட்ட 659 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு மட்டும் இம்மாத்திரைகளை 30 நாட்கள் நிறுத்திப் பார்த்தபோது, நிறுத்தியதால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை என்பது தெளிவாயிற்று. இதற்கிடையில் தாமாகவே மாத்திரையை விட்டவர்கள் ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்தையும், பலவீனமான இதயம் மேலும் தளரும் ஆபத்தையும் வீணாக ஏற்றுக்கொண்டார்கள். நாள்தோறும் உட்கொள்ளும் இதய மாத்திரையைச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு நிறுத்துவது எக்காலத்திலும் தவறு.

மறுபுறத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மலேரியா மருந்து கொரோனாவுக்கு நம்பிக்கையோடு வழங்கப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 மார்ச் 28 அன்று அதற்கு அவசர அனுமதி அளித்து, ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றது. இம்மருந்து, குறிப்பாக அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியோடு சேரும்போது, ஈ.சி.ஜி.யில் காணப்படும் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீளும் நேரத்தை, நீட்டி, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டக்கூடும். அவசர நிலை என்பது மருந்தின் பக்கவிளைவை எந்த வகையிலும் குறைப்பதில்லை. எனவே இத்தகைய மருந்துகளைத் தொடங்கும் முன் ஈ.சி.ஜி.யையும், ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவையும் பார்ப்பது அவசியம்.

ரத்த உறைவு விஷயத்தில் நிலைமை சிக்கலானது. கொரோனா தொற்று ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்தி, சிரைகளிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டிகளை உண்டாக்கியது உண்மை. அதனால் எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை முழு அளவில் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது பிழை. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில், முழு அளவில் தரப்பட்ட ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பு மருந்து, நோய் மிதமாக இருந்த உள்நோயாளிகளுக்கு உதவியது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. ஒரே மருந்து, ஒரே நோய், ஆனால் நோயின் கட்டம் மாறியதும் பலனும் மாறியது. ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமர் என்னும் பொருளின் அளவு ரத்தப் பரிசோதனையில் சற்றுக் கூடியிருக்கிறது என்பதற்காக வீட்டிலிருந்தபடியே ஆஸ்பிரினையோ வேறு மருந்தையோ தாமாக விழுங்குவது, பலன் இல்லாமல் ரத்தக்கசிவை மட்டும் வரவழைக்கலாம்.

தொற்று நீங்கிய பின் வரும் தவறுகளைப் பலர் கவனிப்பதில்லை. குணமடைந்த 100 பேரை ஆராய்ந்த தொடக்ககால ஜெர்மன் ஆய்வொன்று, அவர்களுள் 78 பேரின் இதய எம்.ஆர்.ஐ. படத்தில் மாறுதல் இருப்பதாகக் கூறியதும் பெரும் அச்சம் எழுந்தது. பின்னர் அமெரிக்காவில் தொற்றிலிருந்து மீண்ட 789 தொழில்முறை விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்தபோது, ஐந்து பேரிடம் மட்டுமே இதய அழற்சி கண்டறியப்பட்டது. அறிகுறி எதுவும் இல்லாதவர் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றோடு கடும் உடற்பயிற்சிக்குத் திரும்புவதும் கூடாது. இதயத்தசை அழற்சி உறுதியானவர்கள் அக்காலத்தில் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கடுமையான பயிற்சியைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டார்கள். சுவாசத் தொற்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவும் புதிதன்று. இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காகிறது என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு 2018லேயே காட்டியிருந்தது. இதய நோயாளி ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியைத் தவறவிடாமல் இருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

கால்களின் ரத்தக்குழாய் நோய் எப்போதும்போல் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. நீரிழிவு உள்ளவரின் ஆறாத கால்புண்ணை, அவசரமற்றது என்று கருதி மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று ஒரு கால் வெளிறி, குளிர்ந்து, வலித்து, மரத்துப்போனால் அதைக் காப்பாற்ற ஒரு சில மணி நேரமே இருக்கும். காணொளி வழி ஆலோசனை ரத்த அழுத்தக் கணக்கைப் பார்க்கவும் மாத்திரையின் அளவை மாற்றவும் போதும்; பாதத்தில் நாடி துடிக்கிறதா என்பதை மருத்துவரின் விரல்தான் தொட்டறிய வேண்டும்.