கடலும் காற்றும் கைமாற்றிக்கொள்ளும் பாதரசம்: எழுதுபவர்கள் இடறும் இடங்கள்

ஆலைப் புகைபோக்கியிலிருந்து மேலே ஓர் அம்புக்குறி. மேகத்திலிருந்து கடலுக்கு இன்னோர் அம்புக்குறி. கடலுக்குள் ஒரு மீன், பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. பாதரச மாசு பற்றிய கட்டுரைகளோடு பெரும்பாலும் இந்தப் படம்தான் வருகிறது. படத்தில் இருக்கும் எதுவும் பொய்யில்லை. கடலிலிருந்து காற்றுக்குத் திரும்பும் அம்புக்குறியைத்தான் காணவில்லை. அது விடுபட்டால் மற்றவையும் தவறாகவே புரியும்.

அந்த அம்புக்குறி சிறியதும் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 உலகப் பாதரச மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 3,800 டன் பாதரசம் காற்றிலிருந்து கடலில் படிகிறது. சுமார் 3,400 டன் கடலிலிருந்து காற்றுக்கு ஏறுகிறது. 2015-இல் மனிதச் செயல்களால் காற்றில் கலந்தது ஏறத்தாழ 2,220 டன். அதைவிடக் கடல் வெளிவிடுவது அதிகம். இந்த எண்களைப் பார்த்தவுடன் பலர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, "கடல் ஆண்டுக்கு 400 டன்னை உறிஞ்சுகிறது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியில் மீதி குறைவாக இருப்பதைப் பார்த்து, அந்தக் கடையில் வியாபாரமே மந்தம் என்று சொல்வதைப் போன்றது அது. நடந்த கொடுக்கல் வாங்கல் அத்தனையும் அந்தக் கழித்தலில் மறைந்துபோகிறது.

பாதரசத்தை ஒரே பொருளாக நினைத்து எழுதுவது அடுத்த தவறு. காற்றில் இருப்பதில் பெரும்பகுதி வேறு எதோடும் சேராத தனிம நிலையில் உள்ள ஆவி. அது தண்ணீரில் எளிதில் கரையாது. மழையால் கழுவிக் கீழே கொண்டுவர முடியாது. பல மாதங்கள் காற்றிலேயே சுற்றி, புறப்பட்ட இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கண்டத்துக்குப் போய்ச் சேரும். திரவப் பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது என்பதால் ஆவியும் பக்கத்திலேயே விழுந்துவிடும் என்று சிலர் வாதிடுவதுண்டு. தனித்தனி அணுக்களாகக் காற்றில் கலந்த பிறகு அந்த எடைக் கணக்கு செல்லாது. காற்றில் புரோமின் போன்றவற்றோடு வினைபுரிந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் அது நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. அதன் பிறகு மழையோடும் தூசோடும் விரைவில் கீழே வந்துவிடும்.

கடலுக்குள் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. வெயிலும் நுண்ணுயிர்களும் கரைந்த பாதரசத்தில் ஒரு பகுதியை மீண்டும் தனிம நிலைக்கு ஒடுக்குகின்றன. இப்படிச் சேரும் தனிமப் பாதரசம், காற்றோடு சமநிலையில் நீர் வைத்திருக்கக்கூடிய அளவைத் தாண்டிப் பல கடற்பகுதிகளின் மேல்மட்டத்தில் இருக்கிறது. அந்த உபரிதான் காற்றுக்குத் தப்புகிறது. "கடல் நீர் ஆவியாகும்போது பாதரசமும் கூடவே ஆவியாகிறது" என்று பாடநூல் தொனியில் எழுதப்படும் வாக்கியம் இதனால்தான் தவறு. நீராவி பாதரசத்தைச் சுமந்து செல்வதில்லை. தன் வேதி வடிவம் மாறுவதால்தான் பாதரசம் நீரை விட்டு வெளியேறுகிறது.

கடலுக்குப் பாதரசத்தைக் கொண்டுவருவது மழைதான் என்று வல்லுநர்களே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2021-இல் 'நேச்சர்' இதழில் மார்ட்டின் ஜிஸ்க்ராவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. பாதரசத்துக்குப் பல ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் சற்று வேறுபடும் அணு வகைகள், உண்டு. மழையில் வரும் பாதரசத்திலும் காற்றில் ஆவியாக இருக்கும் பாதரசத்திலும் அவற்றின் விகிதம் சற்று வேறுபடும். மத்தியதரைக் கடல் நீரை அளந்தபோது விகிதம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதாவது மழையும் தூசுப் படிவும் கொண்டுவரும் அளவுக்கு ஏறத்தாழ நிகராக, கடல் நேரடியாகவே ஆவியை உள்ளிழுக்கிறது. வெளிவிடும் கடல் எப்படி உள்ளிழுக்கும் என்று கேட்கத் தோன்றும். வாயுப் பரிமாற்றத்தில் இரண்டு திசைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. எந்தப் பக்கம் அதிகம் என்பதை நீரின் செறிவு, வெப்பநிலை, காற்றின் வேகம் ஆகியவை அந்தந்த நேரத்தில் தீர்மானிக்கின்றன. குளிர்ந்த நீர் கூடுதலாக வைத்துக்கொள்ளும்; வெதுவெதுப்பான நீர் விட்டுவிடும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் தவறு ஒன்று உண்டு. கடல் வெளிவிடுவதை "இயற்கை உமிழ்வு" என்ற தலைப்பில் போட்டுவிட்டு, "மனிதரைவிட இயற்கையே அதிகம் மாசுபடுத்துகிறது" என்று முடிப்பது. எண் சரி, பெயர்தான் பொய். கடலிலிருந்து எழும் பாதரசத்தில் பெரும்பங்கு முன்பு மனிதர்கள் காற்றிலும் நீரிலும் விட்டதுதான். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஸ்பானிய அமெரிக்காவின் வெள்ளிச் சுரங்கங்களில், தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் கொட்டப்பட்டது. பெருவின் உவாங்காவெலிகா சுரங்கம் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியின் வெள்ளிக்காகவே பாதரசம் தோண்டியது. 19-ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவின் தங்க வேட்டை வந்தது. பிறகு நிலக்கரி எரிப்பு. பழைய சுரங்கப் பாதரசத்தில் எவ்வளவு காற்றை அடைந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. இருந்தாலும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல் போட்ட கணக்கில், இன்று காற்றிலிருந்து படியும் பாதரசத்தில் இயற்கையின் பங்கு 13 சதவீதம், நடப்பு உமிழ்வின் பங்கு 27 சதவீதம். மிச்சமுள்ள 60 சதவீதம் நிலத்துக்கும் கடலுக்கும் காற்றுக்கும் இடையே திரும்பத் திரும்பச் சுழலும் பழைய மனிதப் பாதரசம். உலகக் கடல்களின் மேல்மட்ட நீரில் பாதரசம் தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைப்போல் மூன்று மடங்காகியிருக்கிறது என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையிலிருந்து ஆவியானதும் இந்தச் சுழற்சிக்கு வெளியே இல்லை. மலையின் மண்ணில் தங்கியதை மட்டும் பேசிவிட்டு, காற்றோடு போனதை மறந்துவிடுகிறோம்.

இதைப் புரிந்துகொண்ட சிலர் எதிர்ப்பக்கம் போய் விழுகிறார்கள்: பழைய பாதரசமே இவ்வளவு சுழலும்போது புதிய உமிழ்வைக் குறைத்து என்ன பயன் என்கிறார்கள். ஆழ்கடலில் இறங்கியது வெளிவர நூற்றாண்டுகள் ஆகும் என்பது உண்மை. மேல்மட்ட நீரின் கதை வேறு. அது காற்றோடு ஓயாமல் கொடுத்து வாங்குவதால், காற்றில் அளவு குறைந்தால் அதிலும் சீக்கிரமே குறையும். இன்று விடும் ஒவ்வொரு டன்னும் நாளைய சுழற்சியில் சேர்கிறது என்பதால், உமிழ்வைக் குறைப்பதற்கான காரணம் இங்கே வலுப்படவே செய்கிறது.

அளவீடுகளைப் பயன்படுத்துவோருக்கு வேறு பொறிகள் இருக்கின்றன. பரிமாற்றத்தின் வேகம் காற்றின் வேகத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை; வழக்கமான சூத்திரங்களில் ஏறத்தாழ அதன் வர்க்கத்தோடு ஏறுகிறது. பாதி நேரம் வினாடிக்கு 4 மீட்டரும் பாதி நேரம் 12 மீட்டரும் வீசினால் சராசரி 8. அதன் வர்க்கம் 64. ஆனால் 16, 144 ஆகிய இரு வர்க்கங்களின் சராசரியோ 80. மாதச் சராசரிக் காற்றை மட்டும் சூத்திரத்தில் போட்டால் இந்த வேறுபாடு அப்படியே தொலைந்துவிடும். கடல் அமைதியாக இருக்கும் கோடைப் பகலில் கப்பலிலிருந்து எடுத்த அளவை ஆண்டு முழுவதற்கும் நீட்டுவதும் இதே வகை. நீர்ப்பரப்பின் மேல் மூடியைக் கவிழ்த்து அளக்கும் கருவி, பரிமாற்றத்தை நடத்தும் காற்று வீச்சையே தடுத்துவிடுகிறது என்பதும் மறந்துபோகிறது. பழைய ஆய்வுகளின் எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட்டு, கடலில் பாதரசம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். திறந்த கடலில் ஒரு லிட்டரில் இருப்பது ஏறத்தாழ 0.2 நானோகிராம்தான் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). மாசில்லாத மாதிரி சேகரிப்பு முறைகள் வருவதற்கு முன்பு பாட்டிலும் கப்பலும் ஆய்வகமும் சேர்த்த பாதரசமே அதைவிட அதிகமாக இருந்திருக்கும். அந்த எண்களை நம்பிப் போக்கு வரையக் கூடாது.

துருவங்களைப் பனிமூடிய செயலற்ற பகுதியாக எண்ணி ஒதுக்குவதும் சரியில்லை. கனடாவின் வடகோடியில் உள்ள அலர்ட் நிலையத்தில் 1995-இன் வசந்தத்தில், நீண்ட இரவு முடிந்து சூரியன் திரும்பியபோது, காற்றில் பாதரச ஆவி திடீரென்று ஏறக்குறைய இல்லாமலே போனது. கடற்பனியின் உப்பிலிருந்து வெளிவந்த புரோமின் அதை ஆக்சிஜனேற்றிப் பனியில் இறக்கியிருந்தது. இந்த நிகழ்வை விவரிப்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பனியில் இறங்கியதில் பெரும்பங்கு வெயில் பட்டுச் சில நாட்களிலேயே காற்றுக்குத் திரும்புகிறது என்பது சொல்லாமலே விடப்படுகிறது. கடற்பனிக்குக் கீழே தனிமப் பாதரசம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, பனி உருகும்போது வெளிவருவதும் அப்படியே.

விரிகுடா மீனை உண்டவர்கள் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட ஜப்பானிய ஊரான மினமாட்டாவை எல்லாவற்றுக்கும் உதாரணமாக இழுப்பதையும் நிறுத்தலாம். அங்கே ஆலைக் கழிவிலேயே, உடலில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசம் இருந்தது, நேராக விரிகுடாவில் கலந்தது. திறந்த கடலில் காற்றிலிருந்து வருவது பெரும்பாலும் மெத்தில் பாதரசம் அல்ல. கடலுக்குள், குறிப்பாக ஆக்சிஜன் குறைந்த ஆழங்களில், நுண்ணுயிர்கள் அதை உருவாக்குகின்றன. பிறகு உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிகிறது. அதனால் காற்றில் பத்து சதவீதம் குறைந்தால் மீனிலும் அடுத்த ஆண்டே பத்து சதவீதம் குறையும் என்று எழுதக் கூடாது.

கடல் பாதரசத்தை வெளிவிடுகிறது என்று படித்துவிட்டுக் கடற்கரைக் காற்றுக்கே பயப்படுபவர்களும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தெற்கே, எந்தக் கண்டத்திலிருந்தும் வெகுதூரத்தில் உள்ள ஆம்ஸ்டர்டாம் தீவில் அளக்கப்படுவது ஒரு கனமீட்டர் காற்றுக்குச் சுமார் 1 நானோகிராம். வட அரைக்கோளத்தில் அது ஒன்றரையை ஒட்டி இருக்கும். பாதரச ஆவிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டி தரும் ஆண்டுச் சராசரி வரம்பு 1,000 நானோகிராம். மாலையில் கடற்கரையில் தாராளமாக உட்காரலாம். கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது சுறாவையும் பெரிய சூரை மீனையும்தான். நெத்திலியும் மத்தியும் அந்தப் பட்டியலில் வராது.