இளங்கொடியை இழுக்காதீர்கள்: மாட்டின் நஞ்சுக்கொடி விஷயத்தில் நடக்கும் தவறுகள்

கன்று விழுந்து வெகுநேரமாகியும் இளங்கொடி விழவில்லை என்றால், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பல தொழுவங்களில் இன்னும் நடப்பது இதுதான். தொங்கும் கொடியில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டிவிடுவார்கள். அதற்கும் விழவில்லையென்றால், கைப்பழக்கம் உள்ளவர் ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே கைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். இரண்டுமே மாட்டுக்குக் கேடு.

மாட்டின் நஞ்சுக்கொடி கருப்பை முழுக்க ஒட்டியிருப்பதில்லை. கருப்பையின் உட்சுவரில் ஏறக்குறைய 70 முதல் 120 சதைமேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் உள்ள நுண்குழிகளுக்குள் கன்றுப் பக்கத்துச் சவ்வின் இழைகள் கிளைவிட்டு இறங்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடிப்புக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று வளர வளர இந்த இடம் ஓயாமல் உடைந்து, திரும்பக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். உடைக்கும் வேலையைச் செய்பவை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்ற நொதிப் புரதங்கள், சுருக்கமாக எம்.எம்.பி. அவை எல்லை மீறாமல் தடுப்பவை டிம்ப் என்ற புரதங்கள். ஈற்று நெருங்கும்போது தராசு உடைக்கும் பக்கம் சாய்கிறது. இன்டர்லூகின்-8 என்ற புரதம் தாயின் வெள்ளணுக்களை அந்த மேடுகளுக்கு வரவழைக்க, அவையும் சேர்ந்து பிடிப்பைத் தளர்த்துகின்றன. அப்புறம் பெரும்பாலான மாடுகளுக்கு 12 மணி நேரத்துக்குள் கொடி தானாகவே விழுந்துவிடும்.

கொடி தங்கிப்போனால், பெரும்பாலும் இந்தப் புரத வேலை முடியவில்லை என்றே பொருள். மாட்டுக்குத் தள்ளத் தெம்பில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் அதிலிருந்துதான் வருகின்றன. தையலைப் பிரிக்காமல் இழுத்தால் துணிதான் கிழியும். வெளியே வந்த கொடி முழுசாகத் தெரிந்தாலும், இழைகளின் நுனிகள் அறுந்து குழிகளுக்குள்ளேயே நின்றுவிடும். கருப்பைச் சுவர் புண்ணாகி, கிருமி ஏற வழி கிடைக்கும். அடுத்த சினை தள்ளிப்போவதற்கு இதுவே போதும். தொந்தரவு செய்யாமல் விட்டால், தங்கிய கொடி அழுகித் தளர்ந்து பல மாடுகளில் ஒரு வாரத்துக்குள் விழும். நாற்றம் வரும்தான், பார்க்கவும் சங்கடமாக இருக்கும். ஆனால் அதுவரை மாட்டின் தீனியையும் காய்ச்சலையும் தினமும் கவனிப்பதுதான் நம் வேலை. உடல் வெப்பம் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, மாடு தீனி எடுக்காமல் சோர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

‘ஒரு ஊசி போட்டால் விழுந்துவிடும்’ என்று மருத்துவரை நச்சரிப்பதும் உண்டு. ஆக்ஸிடோசின் ஊசி கருப்பையைச் சுருங்க வைக்கும், அவ்வளவுதான். ஒட்டிய கொலாஜனை அது கரைக்காது. ஒருநாள் கடந்துவிட்டால் கருப்பை அந்த ஊசிக்குப் பெரிதாக அசைந்தும் கொடுக்காது.

சரி, வராமல் தடுக்க என்ன செய்யலாம்? ஈன்ற அன்று கொடுக்கும் கஞ்சியைவிட, கடைசி இரண்டு மாதத் தீனிதான் முக்கியம். செட்டிநாட்டுச் சீமையில் கண்மாய் வற்றிவிட்டால் கோடை முழுக்க வைக்கோல்தான் கதி. காய்ந்த வைக்கோலில் வைட்டமின் ஈ மிகக் குறைவு. வைட்டமின் ஈயும் செலினியம் என்ற தாதுவும் குறைந்தால் வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்யாது, கொடி தங்கும் வாய்ப்பும் கூடும். கொஞ்சமாவது அகத்தி, வேலிமசால், பசும்புல் கிடைக்க வழி செய்யுங்கள். தாது உப்புக் கலவையை மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுங்கள். செலினியம் கூடினால் நஞ்சு. ஈனும் முன்பே கால்சியம் டானிக்கை ஊற்றித் தள்ளுவதும் தவறு. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கம் உடலுக்கு மந்தமாகி, ஈன்றதும் பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு துவண்டுபோகும் நோய், வரும். பால் காய்ச்சல் கண்ட மாட்டுக்குக் கொடி தங்குவதும் அதிகம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. ஐந்து மாதச் சினைக்கு மேல் கன்று வீசி, அதாவது கரு கலைந்து, கொடியும் தங்கினால் அது புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அந்தக் கொடியில் கிருமி கொட்டிக் கிடக்கும். மனிதருக்கும் தொற்றி, விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும். வெறுங்கையால் தொடவே கூடாது. கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை மரத்தில் கட்டாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நாய் இழுத்துப் போனால் நோய் ஊருக்குள் பரவும். பாலையும் நன்றாகக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒருமுறை போடும் தடுப்பூசி இருக்கிறது.

கடைசியாக, சினைப் பரிசோதனை. நஞ்சுக்கொடியின் இரட்டைக்கரு செல்கள் சுரக்கும் பி.ஏ.ஜி. என்ற புரதத்தை ரத்தத்திலோ பாலிலோ பார்த்துச் சினையை உறுதி செய்யலாம். சினை ஊசி போட்டு 28 நாளுக்கு முன் பார்த்தால் பயனில்லை. இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: முந்தைய ஈத்தின் பி.ஏ.ஜி. கன்று ஈன்ற பிறகும் சுமார் இரண்டு மாதம் ரத்தத்தில் தங்கும். அதற்குள் சோதித்தால், சினை இல்லாத மாட்டுக்கும் சினை என்றே முடிவு வரலாம்.