சாந்தி (அறுபதாம் கல்யாணம்) முடிந்தவர்களுக்கு நாற்காலி யோகா: நீங்களே சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் எத்தனையோ பெரிய வீடுகளில் ஆச்சியும் செட்டியாரும் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டீர்கள், யோகாவும் ஓரளவு தெரியும், இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறதா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் இந்த வகுப்பில் ஆசனம் இரண்டாம்பட்சம். நாற்காலியிலிருந்து தானாக எழுவது, தடுமாறாமல் திரும்புவது, கீழே விழாமல் இருப்பது, இவைதான் பாடம்.

படி 1: முதலில் நீங்கள்

சொல்லிக்கொடுக்கப் போவதை நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே சில வாரம் செய்யுங்கள். தரையில் செய்து பழகிய உடம்புக்கு அது வேறு கணக்கு. முறையாகப் படிக்க ஆசை இருந்தால் ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. அழகப்பா பல்கலைக்கழகத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

படி 2: இடமும் நாற்காலியும்

வளவு (தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்) இருக்கும் வீடு கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. காற்று, வெளிச்சம், பிடித்துக்கொள்ளத் தூண். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் கவனியுங்கள். கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால்தான் அதற்கு அந்த வழவழப்பு. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் ஜமக்காளம் விரித்தால் ஜமக்காளத்தோடு ஆளும் போவார். ரப்பர் விரிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். மழை நாளில் முற்றத்தின் ஓரம் ஈரமாகும், அங்கே யாரும் வேண்டாம்.

கனமான மர நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடைத்தது என்றால் முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும்.

படி 3: நோட்டு

ஆளுக்கொரு பக்கம். பிரஷர், சர்க்கரை, இதயம், கண் அறுவை சிகிச்சை, மூட்டு மாற்றியது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் எழுதுங்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றுதான் பதில் வரும். தனியாக உட்காரவைத்து, "ஆச்சி, மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைக்கிறீங்க?" என்று கேளுங்கள். வலிக்காத காலைத்தான் சொல்வார்கள். மற்றக் கால் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இதய நோயாளிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் மருத்துவர் சரி என்ற பிறகு வரட்டும்.

படி 4: வகுப்பு

நாற்பது நிமிடம், வாரம் இரண்டு நாள். சந்தை நாளையும் பிரதோஷ மாலையையும் விட்டுவிடுங்கள்.

மூச்சைக் கவனிப்பது, கணுக்கால், மணிக்கட்டு, தோள் சுழற்றுவது, உட்கார்ந்தபடி மெதுவாக இருபுறமும் திரும்புவது என்று தொடங்கலாம். அதன் பிறகுதான் முக்கியமானது: எழுந்து உட்காருவது.

நாற்காலியின் முன் விளிம்புக்கு நகரச் சொல்லுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வந்ததும் மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். பலரும் சாயாமல் நேராக எழப் பார்ப்பார்கள், அதனால்தான் பொத்தென்று திரும்ப விழுகிறார்கள். உட்காரும்போது கெண்டைக்காலில் நாற்காலி தட்டுப்பட்ட பிறகே இறங்கலாம். ஐந்து முறை போதும். முதலில் கையூன்றி எழட்டும், கையை எடுப்பது பிறகு.

அடுத்தது தூணைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது. விருட்சாசனம் என்றால் பாதத்தைத் தொடைக்கு ஏற்ற வேண்டாம், குதிகாலை மற்றக் கணுக்காலில் சாய்த்து, விரல் நுனி தரையில் இருக்கட்டும். கடைசியில் நாற்காலியிலேயே கண்மூடி ஐந்து நிமிடம். எழும்போது அவசரம் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

படி 5: வேண்டவே வேண்டாம்

மூச்சை அடக்குவது, கபாலபாதி, சிரசாசனம், சர்வாங்காசனம். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது. எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனியக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் கால்மேல் கால் போடக் கூடாது.

"கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி செய்யலையா?" என்று யாராவது கேட்பார்கள். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கிய அவர் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்தவர், சிறு வயதிலிருந்தே விடாமல் பயிற்சி செய்தவர். எழுபதில் தொடங்குகிறவர் பாதை வேறு என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

படி 6: பேச்சு

எதிரே நின்று வலது, இடது என்றால் குழப்பம்தான். "தெருப்பக்கக் கை, அடுப்படிப் பக்கக் கை" என்று சொல்லிப் பாருங்கள், அத்தனை கையும் ஒன்றாக எழும். காது மந்தமானவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, கத்தாமல் நிறுத்திப் பேசுங்கள். கேட்காமல் யாரையும் தொட்டுத் திருத்த வேண்டாம்.

காசு வாங்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். வெள்ளைப் பணியாரத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது! வகுப்பு முடிந்த பிறகு சாப்பிடுவோம் என்பதை மட்டும் சட்டமாக்குங்கள். ஆனால் சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு வருகிறவரை விசாரித்து, முதலில் ஏதாவது சாப்பிட வையுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். நெஞ்சுவலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்று தெரிந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.