சன்ரூஃப் சிக்கிக்கொண்டால்

பழைய காரின் சன்ரூஃப், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, நகரவில்லையா? சுவிட்சை அழுத்திக்கொண்டே காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். மோட்டார் முனகியும் கண்ணாடி அசையவில்லையென்றால், பெரும்பாலும் கண்ணாடி நகரும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து இறுகிப் போயிருக்கும். அந்த நிலையில் சுவிட்சை விடாமல் அழுத்தினால் மோட்டார் சூடாகும், கண்ணாடியை நகர்த்தும் கேபிளும் போய்விடும்.

பல கார்களில் மேல் விளக்குக்குப் பின்னால் மோட்டாரின் நடுவே ஆலன் சாவி (ஆறு பக்கமுள்ள L வடிவச் சாவி) நுழையும் அறுகோணத் துளை இருக்கும். அதைக் கையால் மெதுவாகத் திருப்பித் திறக்கலாம். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், பலம் காட்டும் இடமல்ல இது.

திறந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் தண்டவாளத்தைச் சுரண்டி, துணியால் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்கு (பீடிங்) மட்டும் சிலிகான் ஸ்ப்ரே. பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

அப்படியே மூலைகளில் உள்ள வடிகால் துளைகளையும் பார்த்துவிடுங்கள். மெல்லிய நைலான் நரம்பை விட்டு அடைப்பை எடுக்கலாம். அழுத்தக் காற்று வேண்டாம், உள்ளே குழாய் கழன்றால் மழைத் தண்ணீர் உங்கள் மடியில்தான் விழும்!

அப்புறம், சுவிட்சைத் தொட்டால் கண்ணாடி பாதியில் நின்று திரும்புகிறதா? கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டார் மறந்திருக்கலாம். ரீசெட் முறை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.