ஹைஸ்கூல் பசங்களுக்கு அமெரிக்க ஹிஸ்டரி ப்ராஜெக்ட் குடுக்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தப்பு டீ டிகாஷன். வெள்ளை பேப்பரை டிகாஷன்ல முக்கி காயவெச்சு, ஓரத்தை மெழுகுவர்த்தியில கருக்கி, "1777ல ஒரு சோல்ஜர் எழுதின லெட்டர்"னு கொண்டுவருவாங்க. பார்க்க அட்டகாசமா இருக்கும். உள்ள படிச்சா "அம்மா, இங்க ரொம்ப குளிரு, சாப்பாடு இல்ல, உங்க ஞாபகமாவே இருக்கு"ன்னு நாலு வரி. தேதியை 1863ன்னு மாத்துங்க, உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் லெட்டர் ஆயிடும், 1944ன்னு மாத்துங்க, ரெண்டாம் உலகப் போரோட நார்மண்டி ஆயிடும். தேதியையும் ஊரையும் மாத்தினப்புறமும் ப்ராஜெக்ட் அப்படியே நிக்குதுன்னா அதுல ஹிஸ்டரி இல்ல, கிராஃப்ட் வேலை மட்டும்தான் இருக்கு. நான் எந்த ப்ராஜெக்ட்டையும் இதை வெச்சுத்தான் பார்க்கறேன்.

அதுக்காக லெட்டரே வேண்டாம்னு சொல்லல. ஜோசஃப் பிளம் மார்ட்டின்னு ஒரு பையன், பிரிட்டிஷ்காரங்களை எதிர்த்து நடந்த சுதந்திரப் போர்ல 15 வயசுலயே பட்டாளத்துல சேர்ந்தவன், வயசான காலத்துல தன் அனுபவத்தை எழுதி 1830ல வெளியிட்டாரு. 1777 கடைசியில, பட்டாளம் வேலி ஃபோர்ஜ்ங்கற குளிர்கால முகாமுக்கு போற வழியில, அமெரிக்க காங்கிரஸ் நன்றி சொல்ற நாள்னு அறிவிச்சு விருந்துன்னு சொல்லி குடுத்தது கால் கப் அரிசியும் ஒரு ஸ்பூன் வினிகரும்தான்னு கிண்டலா எழுதியிருப்பாரு. இந்த ஒரு பக்கத்தை படிக்க வெச்சிட்டு லெட்டர் எழுத சொல்லுங்க, அப்புறம் வர்ற லெட்டரை வேற எந்த வருஷத்துக்கும் மாத்தி ஓட்ட முடியாது.

அடுத்தது ரொம்ப சீரியஸான தப்பு, இதை நிதானமா சொல்லணும். அடிமை ஏலத்தை கிளாஸ்ல நடிச்சுக் காட்டறது, லைட்டை அணைச்சிட்டு தப்பிச்சு ஓடற மாதிரி விளையாட்டு வைக்கறது, இதெல்லாம் "பசங்க அந்த வலியை உணரட்டும்"னு நல்ல எண்ணத்துலதான் பண்றாங்க, ஆனா கிளாஸ்ல இருக்கற கறுப்பின பிள்ளைக்கு அது நடிப்பு இல்ல, அது அவன் பாட்டன் பூட்டன் கதை, மத்தவன் சிரிச்சுக்கிட்டே விலை கேப்பான், இவன் தலைகுனிஞ்சு நிப்பான். மத்த பசங்களும் எதையும் உணர்றது கிடையாது, கால் மணி நேரம் டெஸ்க்குக்கு அடியில ஒளிஞ்சிட்டு "ஓ, இப்படித்தான் இருந்திருக்கும் போல"ன்னு தப்பா ஒரு நிம்மதிதான் வரும். பேரண்ட்ஸ் கம்ப்ளெயிண்ட் பண்ணுவாங்கன்றதுக்காக மட்டும் நான் இதை சொல்லல.

இதுக்கு பதிலா தப்பிச்ச அடிமைங்களை தேடி முதலாளிங்க பேப்பர்ல குடுத்த விளம்பரங்களை கையில குடுங்க. 1796ல ஓனா ஜட்ஜ்னு ஒரு பொண்ணு, ஃபிலடெல்பியாவுல இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டுல இருந்து தப்பிச்சிட்டாங்க. உடனே விளம்பரம், கண்டுபிடிச்சா 10 டாலர், ஓடிப்போறதுக்கு எந்த காரணமும் இல்லையேன்னு ஆச்சரியம் வேற. பல வருஷம் கழிச்சு, 1845ல, நியூ ஹாம்ப்ஷயர்ல இருந்து ஓனாவே பேப்பருக்கு பேட்டி குடுத்திருக்காங்க. வர்ஜீனியாவுக்கு திரும்பிப் போயிட்டா தனக்கு விடுதலையே கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் கிளம்பினதா சொன்னாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, விளம்பரத்துல தேவையில்லாத வார்த்தைங்களை மார்க்கரால அடிச்சிட்டு மிஞ்சினதை கவிதையா ஆக்க சொல்லுங்க. எதை அடிக்கறது, எதை விடறதுன்னு ஒவ்வொரு பையனும் முடிவெடுத்தாகணும், எனக்கு தெரிஞ்சு இதுல யாரும் நடிக்கவே வேண்டாம், ஆனா எல்லாரும் யோசிச்சே ஆகணும்.

டாபிக்கை அகலமா குடுக்கறது இன்னொண்ணு. "சிவில் ரைட்ஸ் பத்தி போஸ்டர்"னு சொன்னா முப்பது பேரும் மார்ட்டின் லூதர் கிங் மூஞ்சிதான் வரைவாங்க. அதையே "மாண்ட்கோமரி பஸ் பாய்காட்டை நீ நடத்தணும், எப்படி நடத்துவ?"ன்னு கேட்டுப் பாருங்க. பஸ்ல கறுப்பினத்தவங்க வெள்ளைக்காரங்களுக்கு சீட்டை விட்டு எந்திரிக்கணும்ங்கறதை எதிர்த்து, 381 நாள் ஜனங்க பஸ் ஏறாம வேலைக்கு போகணும். கறுப்பின டாக்ஸிக்காரங்க பஸ் சார்ஜ் மாதிரி 10 சென்ட் வாங்கினாங்க, உடனே சிட்டி குறைஞ்சபட்சம் 45 சென்ட் வாங்கியே ஆகணும்னு ரூலை காட்டுச்சு. சரி, கார்பூல். அந்த வண்டிங்களோட இன்ஷூரன்ஸையும் கேன்சல் பண்ணாங்க. இப்ப என்ன பண்ணுவேன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் கேட்டு, மேப் வரைய சொன்னா பசங்க சண்டையே போடுவாங்க (நல்ல சண்டை). சீட்டை விட்டு எந்திரிக்காம அரெஸ்ட் ஆகி இந்த பாய்காட்டுக்கு காரணமான ரோசா பார்க்ஸுக்கு ஒம்பது மாசம் முன்னாடியே, அதே 1955 மார்ச்ல, 15 வயசு கிளாடெட் கால்வின் எந்திரிக்க மாட்டேன்னு அரெஸ்ட் ஆனதும் அப்பதான் அவங்களுக்கு உறைக்கும், ஏன்னா அது அவங்க வயசு.

மார்க் விஷயம். கலர், நீட்னஸ், அழகுன்னு பாதி மார்க் வெச்சா, கலர் பேப்பர் வாங்க காசு இருக்கற வீடும், ராத்திரி ஒக்காந்து ஒட்டிக் குடுக்கற அம்மாவும்தான் ஜெயிப்பாங்க. ஸ்கூல் பசங்களுக்கான நேஷனல் ஹிஸ்டரி டே போட்டியிலயே வரலாற்று தரத்துக்கு 80 சதவீதம், பிரசன்டேஷனுக்கு 20 சதவீதம்தான். எக்ஸிபிட்டுல பசங்க சொந்தமா எழுதறது 500 வார்த்தையை தாண்டக்கூடாது. அந்த லிமிட்டை நீங்களும் வைங்க, விக்கிப்பீடியாவுல இருந்து காப்பி பண்ணி ஒட்டறது பாதி நின்னுடும். வேலையையும் கிளாஸ்லயே வெச்சு முடிச்சிடுங்க.

மாக் டிரையல், அதாவது கிளாஸ்லயே கோர்ட் மாதிரி விசாரணை நடத்தறதுன்னா ஒரு எச்சரிக்கை: நல்லா பேசற பையன் இருக்கற டீம்தான் ஜெயிக்கும், சாட்சியத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. 1770ல பிரிட்டிஷ் சோல்ஜருங்க கூட்டத்தை சுட்ட போஸ்டன் படுகொலை கேஸை எடுத்தா, அப்ப பால் ரெவர் அச்சடிச்ச படத்தை மட்டும் முதல்ல காட்டி தீர்ப்பு எழுதி வாங்கிக்கங்க. வரிசையா நின்னு ஆர்டர் கேட்டு சுடற மாதிரி இருக்கும், எல்லாரும் கில்ட்டின்னுதான் எழுதுவாங்க. அப்புறம் சாட்சிங்க சொன்னதை குடுத்து இன்னொரு தீர்ப்பு எழுத சொல்லுங்க. நிஜ கோர்ட்டுல சோல்ஜருங்களுக்காக ஜான் ஆடம்ஸ் வாதாடி, எட்டு சோல்ஜர்ல ஆறு பேர் விடுதலை ஆனதை கடைசியில சொன்னா போதும். ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல பையன் ஏன் மாறினான், இல்ல ஏன் மாறலன்னு எழுதறதுக்குத்தான் மார்க்.

கடைசியா டைமிங். யூனிட்டெல்லாம் முடிச்சிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பீடா மாதிரி ப்ராஜெக்ட்டை குடுக்காதீங்க, முதல் வாரமே கேள்வியை குடுத்துடுங்க, படிக்கற ஒவ்வொண்ணையும் அதுக்காகவே படிப்பாங்க. முப்பது பேர் ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பிரசன்ட் பண்ணா 150 நிமிஷம், மூணு பீரியடு காலி, மூணாவது ஆளுக்கு மேல யாரும் கேக்கறதும் இல்ல. செவுத்துல ஒட்டிட்டு பசங்களை சுத்தி வர விடுங்க, ஒவ்வொருத்தரும் மத்தவங்க ரெண்டு பேர்கிட்ட "இது எந்த சோர்ஸ்ல இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டு பதிலை எழுதிட்டு வரணும், ஒரே பீரியடுல முடிஞ்சிடும்.