ஸ்கிரிப்ட் ஓடிடுச்சு சரி, பசங்களுக்குப் புரிஞ்சுதா?

ஷெல் ஸ்கிரிப்டிங் லேப் முதல் தடவையா எடுக்கப் போறீங்களா, அப்ப நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க. அவுட்புட் சரியா வந்தா பத்துக்குப் பத்துன்னு போட்டுட்டே போனேன், கடைசில வைவால "இந்த டாலர் கேள்விக்குறி எதுக்குப்பா?"ன்னு (அதான் $?, கடைசியா ஓடின கமாண்டோட எக்ஸிட் கோடைச் சொல்றது; ஜீரோன்னா ஜெயிச்சுது, வேற நம்பர்னா ஃபெயில்) கேட்டா பாதிப்பேரு ரெக்கார்ட் நோட்டைப் பாக்குறாங்க.

ஸ்டெப் 1: ஓட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. போர்டுல ரெண்டே எக்கோ (ஸ்க்ரீன்ல அச்சடிக்கிற கமாண்ட்) வரி, ஒண்ணுல வேரியபிள் சிங்கிள் கோட்ஸுக்குள்ள, இன்னொண்ணுல டபுள் கோட்ஸுக்குள்ள. என்ன வரும்னு பேப்பர்ல எழுதிட்டுதான் கீபோர்டுல கை வைக்கணும். சிங்கிள்ல டாலரோட பேரு அப்படியே வரும், டபுள்ல தான் வேல்யூ வரும். இதுக்கு மார்க் வேண்டாம், மார்க்னு சொன்னா பக்கத்து பேப்பரைத்தான் பாப்பாங்க.

ஸ்டெப் 2: டெஸ்ட் ஃபோல்டரை நீங்களே தயார் பண்ணுங்க. முக்கியமான வேலையே இதுதான். டெக்ஸ்ட் ஃபைலையெல்லாம் ஃபார் லூப் போட்டு பேக்கப் ஃபோல்டருக்கு காப்பி பண்ணச் சொல்லுங்க, ரொம்ப சிம்பிள் கணக்கு. ஆனா செக் பண்றப்ப மூணு விதமா ஓட்டுங்க:

- பேர்ல ஸ்பேஸ் இருக்கிற ஃபைல். டபுள் கோட்ஸ் போடலேன்னா பேரு ரெண்டா உடைஞ்சு அப்படி ஃபைலே இல்லைன்னு எர்ரர் வரும்.
- காலி ஃபோல்டர். பேஷ்ல ஸ்டார் பேட்டர்னுக்கு எதுவும் மேட்ச் ஆகலேன்னா ஸ்டார் அப்படியே நிக்கும், லூப் அதையே ஃபைல் பேருன்னு நெனச்சு ஒரு சுத்து சுத்தும்.
- எழுத பெர்மிஷன் இல்லாத பேக்கப் ஃபோல்டர். (ரூட்டா, அதாவது அட்மின் அக்கவுண்ட்ல, லாகின் பண்ணிட்டு இதை டெஸ்ட் பண்ணாதீங்க, ரூட்டை அது தடுக்காது.)

மூணாவதுல தான் கூத்து. காப்பி ஃபெயில் ஆகியிருக்கும், ஆனா கடைசி வரில "பேக்கப் முடிந்தது"ன்னு ஒரு எக்கோ இருக்கும், எக்கோ எப்பவும் போல ஜெயிச்சிடும், அதனால ஸ்கிரிப்ட்டோட எக்ஸிட் கோட் ஜீரோ.

ஸ்டெப் 3: அதனால அவுட்புட்டுக்குப் பாதி, எக்ஸிட் கோடுக்குப் பாதின்னு மார்க்கைப் பிரிச்சுடுங்க. டைம்அவுட் கமாண்ட்ல 10 செகண்ட் வச்சு ஓட்டுங்க, முடியாத வைல் லூப்னா 124னு திரும்பும், நீங்க உக்காந்து கன்ட்ரோல் சி அடிச்சிட்டு இருக்க வேண்டாம்.

ஸ்டெப் 4: ஷெல்செக், அதாவது ஸ்கிரிப்ட்ல இருக்கிற தப்பைப் பாத்து வார்னிங் குடுக்கிற டூல். முதல் நாளே குடுக்காதீங்கங்கறது என் கட்சி. ஒரு தடவையாவது கோட்ஸ் இல்லாம அடி வாங்கட்டும், அப்புறம் குடுத்தா அது ஏன் திட்டுதுன்னு புரியும். குடுத்த பிறகும் ஏதாவது ஒரு வார்னிங்குக்குக் காரணத்தை சொந்த வார்த்தைல ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க.

ஸ்டெப் 5: தப்புகளை எண்ணுங்க. ஆளை இல்ல, தப்பை. அசைன் பண்றப்ப ஈக்வல் குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விட்டவங்க எத்தனை பேரு, கோட்ஸ் போட மறந்தவங்க எத்தனை பேருன்னு ஒரு தாள்ல கோடு போட்டா போதும், எதுல கோடு அதிகமோ அடுத்த க்ளாஸ் முதல் பத்து நிமிஷம் அதுக்குத்தான். விண்டோஸ்ல டைப் பண்ணி கொண்டு வந்ததால "பேட் இன்டர்ப்ரெட்டர்"னு வந்தா மட்டும் மார்க் குறைக்காதீங்க பாவம், அது லைன் எண்டிங் பிரச்சனை, டாஸ்2யுனிக்ஸ் ஓட்டுனா சரியாகிடும்.

அப்புறம் திருத்திக் குடுக்க ஒரு வாரம் விடுங்க, போன மார்க்ல பாதி திரும்பக் கிடைக்கும், ஆனா எந்த வரி ஏன் உடைஞ்சுதுன்னு உங்க முன்னாடி நின்னு சொல்லணும். நான் கேக்குற முதல் கேள்வி இப்பவும் அந்த டாலர் கேள்விக்குறி தான்.